சிவப்பு ஸ்விட்ச்

கார் பாலத்தின் நடுவில் கொதித்தது. நான் வீட்டில், சோபாவில் காலை நீட்டியபடி கொதித்தேன். மனைவி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிச் சம்பாதிக்கும் கார். பானெட்டிலிருந்து ஆவி பறக்க, பிள்ளைகளை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி: "ஸ்விட்ச் போட்டியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் பழைய விசிறி உடைந்தபோது மெக்கானிக்கிடம் விடாமல் நானே மின்சார விசிறி மாட்டியிருந்தேன். அவளுடைய தையல் டேப்பால் ரேடியேட்டரை அளந்து, எது எவ்வளவு காற்று இழுக்கும், எத்தனை ஆம்பியர் தின்னும் என்று துருவித் துருவிப் படித்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில், சூடானதும் விசிறியைத் தானாக ஓட்டும் சென்சாரை மட்டும் வீண் வேலை என்று விட்டுவிட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் சிவப்பு ஸ்விட்ச் ஒன்றை வைத்தேன். சூடு காட்டும் முள் ஏறினால் அதைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

சாயங்காலம் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

"ஒரு ஸ்விட்ச். அதைக்கூட ஞாபகம் வச்சுக்க முடியலையா?"

"கேஸ் மூடினேனான்னு நான் பாக்கணும். உங்கம்மா மாத்திரை என் தலையில. பின்சீட்டுல பிள்ளைங்க அடிச்சுக்கிட்டா நான் திரும்பணும், முன்னாடி பஸ்காரன் நின்னா நான் மிதிக்கணும். இதுல உங்க விசிறிக்கும் நாந்தான் காவலா?"

"எல்லாரும் இப்படித்தான் வைக்கிறாங்க."

"அப்ப எல்லாரும் ஓட்டட்டும். காலையில கார் புரோக்கர் வரான். வித்துட்டு பழையபடி அந்தக் கடைக் கல்லாவுல போய் உக்காந்துக்கறேன்."

கார் ஓட்டுவதற்கு முன் அவள் வேலை பார்த்த அந்தக் கடையிலிருந்து எப்படி வீடு திரும்புவாள் என்று எனக்குத் தெரியும். பேசவே மாட்டாள். கோபம் தலைக்கேறியது. அவள் சொன்னது தப்பாக இருந்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது.

அவள் உடனே எஞ்சினை அணைத்திருந்ததால் பெரிய சேதமில்லை. விடிந்ததும் சென்சாரைப் பொருத்தி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த வயர் இழுத்து, சென்சார் சொன்னால் தானே மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே வழியாக விசிறிக்குக் கொடுத்தேன். ஸ்பானர் நழுவி விரல் முட்டியில் தோல் போனது. ஸ்பானரைத் திட்டினேன், ரேடியேட்டரைத் திட்டினேன், அதைக் கண்டுபிடித்தவனையும் திட்டினேன். என்னை மட்டும் விட்டுவைத்தேன். அதற்கு வீட்டில் ஆள் இருந்தது.

அவளைக் கூப்பிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஏறியது.

"எதையும் தொடாத."

"தொட இங்க என்ன இருக்கு?"

முள் பாதியைத் தாண்டியது. சட்டென்று முன்னால் விசிறி உறுமியது. முள் தயங்கி, இறங்கியது. அவள் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். விசிறி நிற்கவில்லை.

"இன்னும் ஓடுது."

"சூடு போற வரைக்கும் ஓடும்."

"யாரும் நிறுத்த வேண்டாமா?"

"வேண்டாம்."

டாஷ்போர்டில் அவள் போன் அதிர்ந்தது. புரோக்கர். அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சிவப்பு ஸ்விட்ச்சைப் பிடுங்கிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள் விரலை விட்டபடி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.