ஹெப்சிபா ட்ரௌட்டனின் கதவு

தலைமைச் செவிலி ஹெப்சிபா ட்ரௌட்டன் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். புதன்கிழமையிலிருந்து ஸ்கார்க்ளிஃப் மருத்துவமனையின் பிரசவ வார்டுக் கதவு, கழுவாத கைக்குத் திறப்பதில்லை.

அவர் வருவதற்கு முன்பு அந்த யார்க்‌ஷயர் துறைமுகத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது, வேறு வேலை கிடைக்காதவர்கள் ஜின் குடித்துக்கொண்டே செய்த வேலை. ஹெப்சிபா வந்து ஜன்னல்களைத் திறந்தார், படுக்கை விரிப்புகளை வேகவைத்தார், மீன்காரப் பெண்களையும் பாதிரியார் மகள்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். அவரிடம் படித்தவர்கள் கேப் டவுன் வரை போய் ஜன்னல் திறந்தார்கள். டாக்டர்களிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. கை கழுவச் சொன்னால், குலத்தை இழுத்துப் பேசியதுபோல் முறைப்பார்கள். செத்த பிறகு அம்மையார் கெஞ்சுவதை விட்டுவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் மாட்டியவர் டாக்டர் ஆம்ப்ரோஸ் கிராட்வெல். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு நேராக வந்தவர். உள்ளே வலியில் துடித்தது அவருடைய இரண்டாம் மனைவி லெட்டிஸ். குழந்தை குறுக்கே கிடந்தது. முதல் மனைவியை இதே வார்டில் பிரசவக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் அவர்.

"ஏம்மா வின்னி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டியா?" என்று கதவைக் குலுக்கினார்.

செவிலி வின்னிஃப்ரெட் ஒற்றை விரலால் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள். "தாழ்ப்பாளே கிடையாதுங்க டாக்டர். கை கழுவினீங்களா?"

"நான் கனவான்மா! கனவான் கையில என்ன அழுக்கு?"

கதவு அவர் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. தோளால் இடித்தார். பூட்டுக்காரரை வரவழைத்தார், எண்ணெய்க் கையோடு வந்த அவரும் வெளியே நின்றார். டாக்டர் ஜன்னல் வழியாக ஏறப்பார்த்தார். அம்மையார் காலத்திலிருந்து மூடாத ஜன்னல், அவர் பாதி நுழைந்ததும் மூடிக்கொண்டது. கால்கள் தெருவைப் பார்த்து ஆடின. மீன் சந்தையே கூடிவிட்டது.

"ஆம்ப்ரோஸ்!" என்று லெட்டிஸ் அலறினாள். "உங்க மானத்த அப்புறம் தேடிக்கலாம். போய்க் கையக் கழுவிட்டு வாங்க!"

பூட்டுக்காரர் காலைப் பிடித்து இழுத்துவிட்டார். டாக்டர் கழுவினார், கதவு அசையவில்லை. "நகத்துக்கு அடியில," என்றாள் வின்னி உள்ளிருந்து. மறுபடி தேய்த்தார். தொட்டியில் தண்ணீர் பழுப்பாக இறங்குவதைப் பார்த்தபடி முதல் மனைவியின் பெயரை ஒருமுறை மெல்லச் சொன்னார். அதன் பிறகு முழங்கை வரை தேய்த்தார்; அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கதவு தானாகத் திறந்தது.

பெண் குழந்தை. தாய்க்குக் காய்ச்சல் வரவில்லை. அந்த ஆண்டு அந்த வார்டில் யாருக்கும் வரவில்லை.

நிர்வாகம் கதவை மாற்றியது. புதுக் கதவும் அப்படியே நடந்துகொண்டது. அம்மையாரின் சிலையைத் திறக்க வந்த மேயர் கையுறையைக் கழற்ற மறுத்ததால் கதவு திறக்கவில்லை, விழா வெளியே மழையில் நடந்தது. பிறகு கதவின் அந்த வழக்கம் மற்ற வார்டுகளுக்கும், அங்கிருந்து பேக்கரிக்கும், சாராயக்கடைக்கும் பரவியது. இப்போது ஸ்கார்க்ளிஃபில் திருடனும் கை கழுவிவிட்டுத்தான் வருகிறான். யாருக்கும் அதில் வியப்பில்லை. சோப்பு விலை ஏறினால் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பார்கள்.