கம்பி பாடும் வேகம்

எனக்கு இது சரியாக நினைவிருக்கிறதா என்பதில் ஐயம் உண்டு. விமான மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் மக்காச்சோளம் அன்று ஆளுயரம் நின்றதா, இடுப்பளவா என்று கேட்டால் தடுமாறுவேன். எங்கள் கழகத்து விதோசாவா பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதும் நான் கண்டதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கலந்தபடியே சொல்கிறேன்.

திசா ஆற்றை ஒட்டிய எங்கள் பறக்கும் கழகத்தில் இன்ஜின் இல்லாத கிளைடர்களை வானத்துக்கு இழுத்துப் போக ஒரே ஒரு விமானம் இருந்தது. இரண்டடுக்குச் சிறகு, கூரையில்லாத இரண்டு இருக்கைகள், சிறகுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள். ஓட்டியவன் மிலோயே. பழுது பார்த்தவள் அவன் தங்கை விதோசாவா. விதா என்போம்.

வேகம் காட்டும் முள் குளிர்காலத்திலேயே செத்துப்போயிருந்தது. கழற்றி பெல்கிரேடுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. கழகத் தலைவர் கவ்ராவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

"போருக்கு முன்னாடி நாங்க கன்னத்துல படுற காத்த வச்சே ஓட்டுனோம்டா. கொக்கு என்ன முள்ளப் பாத்துட்டா எறங்குது?"

"கொக்குக்கு உங்கள மாதிரி தலைவர் இல்ல, தோழர்," என்றான் மிலோயே.

அவன் சும்மா இருக்கவில்லை. ஒரு தகரத் துண்டை ஸ்பிரிங்கோடு சிறகின் தூணில் மாட்டி, காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கக் கோடுகள் வரைந்தான். குண்டும் குழியுமான தரையில் ஓடி ஓடி அது ஒருநாள் கழன்று சூரியகாந்திக்குள் விழுந்தது. அதன்பிறகு கம்பிகள்தான். இறங்கும்போது இன்ஜினைத் தணித்துவிட்டால் காற்றில் கம்பிகள் பாடும். பாடிக்கொண்டிருக்கும்வரை வேகம் போதும். ஓய்ந்தால் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது கல்லாய் விழுந்துவிடும்.

வசந்தத்தில் ஒருநாள் விதா முன்னிருக்கையில் ஏறிப் போனாள். இறங்கும்போது கம்பிகள் ஓய்ந்தன. அண்ணன் மூக்கைத் தாழ்த்தவில்லை. அவள் திரும்பிக் கத்தியபிறகுதான் தாழ்த்தினான். தரையில் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"கம்பி நின்னு எவ்வளவு நேரமாச்சு? என்ன பண்ணிட்டு இருந்த?"

"நிக்கலியே. பாடிட்டுத்தானே இருந்துச்சு?"

"அண்ணா..."

மிலோயே சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"இப்பவும் பாடுது விதா. ராத்திரி படுத்தாலும் பாடுது. காதுக்குள்ள."

இன்ஜின்களுக்கு நடுவிலேயே இத்தனை காலம் இருந்தவனின் காது தேய்ந்து, உள்ளே ஒரு கீச்சொலி மட்டும் குடியிருந்தது. மருத்துவரிடம் போனால் உரிமம் போகும். பறப்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"சொல்லிடப் போறியா?" என்றான்.

"சொன்னா நீ குடிச்சே செத்துருவ. நான் கூட வர்றேன்."

அன்றிலிருந்து அவள் அவனுக்குக் காதானாள். இழுபடும் கிளைடரைக் கண்ணாடியில் கவனிக்கிறேன் என்று கவ்ராவிடம் சொல்லிவைத்தாள். இறங்கும்போது இடது கையை அவன் கண்ணில் படும்படி விளிம்பில் வைத்துக்கொள்வாள். கம்பி பாடினால் விரிந்த கை. ஓய்ந்தால் மூடிய கை. கோடைக்காலம் முழுக்க ஒரு சிராய்ப்பும் இல்லாமல் இறங்கினார்கள். "அண்ணனும் தங்கச்சியும் கல்யாண வண்டியில போற மாதிரி போறீங்களே!" என்று நாங்கள் கேலி செய்வோம். மிலோயே எங்கள்மேல் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்புவான்.

கோடை முடிவில் நோவி ஸாத்திலிருந்து சோதனை அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. விதா விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை பார்த்தாள். சிறகுக் கம்பிகளை அளந்தபோது சில அளவுக்கு மீறி இறுகியிருந்தன. குளிர்காலத்தில் சிறகுகளுக்குப் புதுத்துணி போர்த்தியவர்கள் செய்த வேலை. அப்படியே விட்டால் பொருத்தும் இடத்தில் விரிசல் விழும். விதிப்படி தளர்த்தினாள், பூட்டினாள், சிறகின் மட்டம் சரிபார்த்தாள். சுத்தமான வேலை.

கம்பியின் இறுக்கம் அவளுக்குத் தொழில். கம்பியின் பாட்டு அவர்கள் இருவரின் ரகசியம். இரண்டும் ஒரே கம்பியில்தான் இருக்கின்றன என்பது அன்று அவள் மனதில் தோன்றவில்லை. இறுகிய கம்பி வேகக் காற்றில்தான் பாடும். தளர்ந்த கம்பி மெல்லிய காற்றுக்கும் வாய் திறந்துவிடும்.

மறுநாள் மதியம் கொஷாவா என்ற எங்கள் பக்கத்துத் தென்கிழக்குக் காற்று கொஞ்சம் அதிகம். கிளைடரை மேலே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மிலோயே இன்ஜினைத் தணித்தான். கம்பிகள் பாடின. விதா கையை விரித்தாள். வேகத்தைக் குறைக்க அவன் மூக்கைச் சற்றுத் தூக்கினான். கம்பிகள் பாடின. கை விரிந்தே இருந்தது. அவன் இன்னும் தூக்கினான். அவள் கன்னத்தில் காற்று குறைந்ததை உணர்ந்தாள். உணர்ந்தாள் என்றுதான் என்னிடம் சொன்னாள். ஆனால் கம்பிகள் பாடிக்கொண்டிருந்தன, அவள் தன் காதை நம்பினாள். கையை மூடுவதற்குள் இடது சிறகு தொய்ந்தது. விமானம் சோளத்துக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

நாங்கள் ஓடிப் போனபோது விதா மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மிலோயே இருந்த பின்னிருக்கை முழுக்க மண்ணுக்குள் அழுந்தியிருந்தது.

மருத்துவமனையில் விதாவின் கட்டிலருகே கவ்ரா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், காதை, கையை, கம்பியை.

"கம்பிய நீ சரியாத்தானேம்மா வச்ச," என்றார் கவ்ரா.

"ஆமா. சரியாத்தான் வச்சேன்."

"விசாரணைக் கமிஷன்ல இதச் சொல்லாத. காத்து அதிகம்னு சொல்லு."

"சிறகுல பட்ட காத்து கம்மி, தோழர். அதான் செத்தான்."

கமிஷனில் அவள் உண்மையை அப்படியே சொன்னாள். மிலோயேவை ஊர்க் கல்லறையில் தந்தைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். முள்ளில்லாமல் பறக்கவிட்டதற்காகக் கவ்ராவைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். இரண்டு குளிர்காலம் கழித்து மாரடைப்பில் போனார். விதாவின் பழுதுபார்க்கும் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். டிராக்டர் பட்டறையில் வேலை செய்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சென்ற ஆண்டு சுபோதிட்சா நகரில் இறந்தாள். கழகத்தை மூடிவிட்டார்கள். மைதானத்தில் இப்போது சர்க்கரை பீட்ரூட் போடுகிறார்கள்.