கண்மூடிய இரண்டு நிமிடம்

மூன்றாம் நாள் காலை என் இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை. மடக்குக் கட்டிலில் இரண்டு இரவு படுத்ததன் கூலி. கூடாரக் கம்பத்தைப் பிடித்துத்தான் எழுந்து நிற்க முடிந்தது. ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருடமாக டூயிஸ்பர்க் இரும்பாலையின் முதலுதவி அறையில் வேலை: வெந்த கை, நசுங்கிய விரல், கண்ணில் விழுந்த பொறி. ஆகஸ்ட் லீவில் நான்கு நாள் இந்த மலையடிப் புல்வெளிக்கு வந்து அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன். இங்கே இரண்டாயிரம் பேர் வேடம் கட்டிக்கொண்டு, இல்லாத ஒரு ராஜ்யத்துக்காக நுரை ரப்பர் வாள்களால் சண்டை போடுகிறார்கள். சுளுக்கும் கொப்புளமும் வெயில் மயக்கமும் மட்டும் நிஜம்.

முதலுதவிக் கூடாரத்துக்குப் பொறுப்பு ஜெலால். மற்ற நாட்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். நான் கம்பத்தைப் பிடித்து நிற்பதைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க நோயாளியா, வைத்தியரா? முடிவு பண்ணிச் சொல்லுங்க, அதுக்கேத்த நாற்காலி போடறேன்."

"வாயை மூடிட்டுக் காபியைக் கொடு."

காபியைக் கொடுத்துவிட்டு ஐஸ் கட்டி வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு முப்பத்து நாலு டிகிரி போகும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

அவன் போவதற்கென்றே காத்திருந்ததுபோல வோல்க்மார் உள்ளே வந்தான். மணி ஒன்பது இருபது.

வோல்க்மாரும் நானும் ஒரே ஆலை. அவன் நிலக்கரியை வேகவைக்கும் கோக் சூளையில் முப்பத்தொரு வருடம். இங்கே அவன் அரக்கர் படையின் தலைவன். அறுபது பேர் அவன் சொன்னால் ஓடுவார்கள், சொன்னால் விழுவார்கள். மனைவி செத்து ஆறு வருடம். மகள் இம்கே அதே படையில் அவனுக்கு அடுத்த ஆள்.

"கொப்புளத்துக்குக் களிம்பு இருக்கா?" என்றான்.

"எந்தக் கால்?"

அவன் காலைக் காட்டவில்லை. மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"கொப்புளம் இல்ல கெர்லிண்ட். நேத்து சாயங்காலத்துலேர்ந்து நெஞ்சுல யாரோ செங்கல் வெச்ச மாதிரி இருக்கு. இந்தத் தோள் வரைக்கும். கவசத்தோட கனம்தான், வேறொண்ணும் இருக்காது."

"கவசத்தக் கழட்டினப்புறமும் இருந்துதா?"

"தூங்கறப்போ கொஞ்சம்."

"அப்போ கவசம் இல்ல."

"நீ டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் எழுதி டாக்டர்கிட்ட அனுப்பணும்."

விதி இதுதான்: நெஞ்சு என்று எவன் வாயைத் திறந்தாலும் நோட்டில் எழுத வேண்டும், ஜெலாலிடம் சொல்ல வேண்டும், கீழே ஊருக்கு வண்டியில் அனுப்ப வேண்டும். சண்டைக்குப் போகிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பச்சைத் துணிப் பட்டை கட்டியிருக்கும். முதலுதவிக்காரர் அதை வெட்டிவிட்டால் அவர் களத்தில் இறங்க முடியாது. கத்தரிக்கோல் என் இடுப்புப் பையில் இருந்தது.

நான் பையைத் தொட்டதும் அவன் தன் மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டான்.

"இன்னிக்கு மூணு மணிக்கு நான் சாகணும், தெரியும்ல?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருடம் அவன் ஆடிய தலைவன் அன்றைய கடைசிப் போரில் சாக வேண்டும், இம்கே அவன் உடல்மேல் கைவைத்து உறுதி எடுத்துப் புதுத் தலைவியாக வேண்டும். ஒரு வருடமாகப் பேசி முடிவு செய்தது. அவள் அதற்கு ஒரு பேச்சை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு ஆறு மாசமாக் கண்ணாடி முன்னால நின்னு ஒத்திகை பாத்துட்டிருக்கா," என்றான். "நான் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டா அவ யார் மேல கை வெப்பா? ஜெலால் மேலயா?"

"அவன் கூச்சம் வந்து எழுந்துடுவான்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் நான் வழுக்கினேன்.

பிரஷர் பார்த்தேன். நூற்றெழுபது, நூற்றைந்து. "ரெண்டு காபி குடிச்சேன்," என்றான். ஈ.சி.ஜி. கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தது. போட்டால் தாள் வரும். தாள் வந்தால் மறைக்க முடியாது. எங்கள் ஆலையில் குடலிறக்கத்தோடு எட்டு வருடம் சுமை தூக்கியவர் என் அப்பா. தொழிலாளியின் நோயைப் பதிவில் எழுதாமல் விடுகிறவரை நல்ல மனுஷன் என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான்.

"ரெண்டு லிட்டர் தண்ணி குடி. பன்னெண்டு மணிக்கு இங்க வந்து என் கண்ணு முன்னால நில்லு. வரலேன்னா நானே வந்து பட்டையை வெட்டுவேன்."

"வரேன், தாயே."

போகும்போது அவன் கையில் ஒரு ஆஸ்பிரின் கொடுத்து, கடித்து மென்று விழுங்கச் சொன்னேன். மாரடைப்போ என்ற சந்தேகம் இல்லாதவள் அந்த மாத்திரையைக் கொடுக்கமாட்டாள். இதை எனக்கு நானே மறைத்துக்கொள்ள வழியில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவன் வரவில்லை. அந்த நேரத்தில் கூடாரத்தில் பதினோரு பேர் வெயிலில் சுருண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி என் செருப்பின்மேல் வாந்தி எடுத்தாள். ஒரு மணிக்கு நினைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கும் நினைத்துக்கொண்டேன். நினைத்தேன், போகவில்லை.

மூன்று மணிக்குக் கொம்பு ஊதினார்கள். நானும் ஜெலாலும் களத்தின் ஓரத்தில், மேட்டின்மேல், பைகளோடு நின்றோம். கீழே அறுபது அரக்கர்கள், எதிரே மனிதர் படை முந்நூறு. வோல்க்மாரைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். அவனுடைய முகமூடிக்குத்தான் இரண்டு கொம்பு. கழுத்துவரை இறங்கும் ரப்பர் முகமூடி, அவனே வார்த்தது. உள்ளே முகம் வெளுத்தாலும் வேர்த்தாலும் வெளியே அதே பச்சை அரக்கன்தான் உறுமிக்கொண்டிருப்பான்.

பத்து நிமிடம் போனதும் நடத்துகிறவர் ஒலிபெருக்கியில் "கண்மூடல்" என்றார்.

விளையாட்டில் அது பழைய வழக்கம். அந்தச் சொல் வந்தால் எல்லோரும் நின்ற இடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ராகம்போல முனக வேண்டும். ஏற்பாட்டுக்காரர்கள் அதற்குள் புதிதாக வருகிற பூதத்தையோ ராட்சதப் பொறியையோ களத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கண் திறக்கும்போது அது வானத்திலிருந்து குதித்ததுபோல இருக்கும். முனகுவது, அதைக் கொண்டுவருகிறவர்களின் காலடிச் சத்தம் காதில் விழாமல் இருக்க.

முந்நூற்றறுபது பேர் கண்ணை மூடிக்கொண்டு முனகினார்கள். மேட்டிலிருந்து கேட்க, தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. எதிர்ப்பக்கக் காட்டிலிருந்து எட்டுப் பேர் சக்கரம் வைத்த பெரிய மரப் பூதத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது அரக்கர் படையை எங்களிடமிருந்து மறைத்தது. ஒரு சக்கரம் மண்ணில் மாட்டிக்கொண்டு நேரம் ஆனது.

"அசிங்கமா இருக்கு," என்றான் ஜெலால். "எங்க மாமனார் மாதிரியே."

நான் சிரித்தேன்.

இரண்டு நிமிடம் கழித்து "திற" என்றார்கள். எல்லோரும் கண் திறந்தார்கள். வோல்க்மார் மல்லாந்து கிடந்தான்.

பூதம் நகர்ந்ததும் நானும் பார்த்தேன். சாவைக் கொஞ்சம் சீக்கிரமாக ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். காலையில் அவன் நெஞ்சைப் பற்றிக் கேட்டவள் நான், நானே அப்படித்தான் நினைத்தேன். மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல. படை அவனைச் சுற்றி மண்டியிட்டது. மனிதர் படையும் வாளைத் தாழ்த்தியது. இம்கே அவன் மார்பில் கைவைத்துப் பேசத் தொடங்கினாள். காற்று எங்கள் பக்கம் வீசியதால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. தப்பில்லாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். மேட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பேச்சு முடிந்து அவன் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்தாள். கையுறை நழுவி விழுந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முதலுதவி," என்றாள். கத்தக்கூட இல்லை. அந்தச் சொல்லை விளையாட்டுக்காக யாரும் சொல்லமாட்டார்கள். பக்கத்திலிருந்தவர்கள் அதை வாங்கிக் கத்தினார்கள், விதிப்படி களம் முழுக்க மண்டியிட்டது, நாங்கள் ஓட வழி திறந்தது.

இருநூறு மீட்டர். ஜெலால் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.

முகமூடியைத் தாடையிலிருந்து நெற்றிவரை வெட்டினேன். உள்ளே அவன் முகம் நனைந்த சிமெண்ட் நிறத்தில் இருந்தது. மூச்சில்லை, நாடியில்லை. அவன் மேல் பதினான்கு கிலோ இரும்பு வளையச் சட்டை. அதை எந்தக் கத்தரிக்கோலும் வெட்டாது. நான்கு அரக்கர்களைக் கூப்பிட்டு அவனை உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, இரண்டு பேர் சட்டையை மேலே உருவினோம். கழுத்தில் சிக்கியது. அவன் மயிரில் வளையங்கள் மாட்டின. "பிடுங்கு, வலிக்காது," என்றான் ஜெலால். மயிரோடு பிடுங்கினோம்.

அழுத்தத் தொடங்கினேன். முதல் முப்பதிலேயே விலா எலும்பு ஒன்று என் கைக்கடியில் உடைந்தது. ஜெலால் அவன் மார்பில் ஒட்டிய மின்னதிர்ச்சிக் கருவி அதிர்ச்சி கொடுக்கச் சொன்னது, கொடுத்தோம். மறுபடி கொடுத்தோம். மூன்றாவது முறை கருவி, தேவையில்லை, அழுத்துங்கள் என்றது. இதயம் முழுக்க அடங்கிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சுற்றியிருந்தவர்கள் யாரும் சொல்லாமலே கேடயங்களை உயர்த்தி, எங்களுக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள். இம்கே மட்டும் உள்ளே. பச்சை மை பூசிய முகத்தோடு அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பது நிமிடத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. அதில் வந்த டாக்டர் இன்னும் இருபது நிமிடம் முயன்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொன்னார்.

சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் கூடாரத்துக்கு வந்தார். மரியாதையான ஆள். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி அவர் இங்க எதுக்காவது வந்தாரா? ஏதாவது சொன்னாரா?"

ஜெலால் நோட்டைப் புரட்டினான். மூன்று நாள் பக்கங்களிலும் விரலை ஓட்டிப் பார்த்தான். "வோல்க்மார் பேரே இல்ல," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா?"

"பதிவு எதுவும் இல்ல," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடக்கம் முடிவதற்குள் அந்த நினைப்பும் போய்விட்டது.

நவம்பரில் இம்கே என்னைத் தேடி ஆலை வாசலுக்கு வந்தாள். எதிரேயிருக்கும் ரொட்டிக் கடையில் உட்கார்ந்தோம். மெலிந்திருந்தாள். வாங்கிய ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் போட்டாளே தவிரத் தின்னவில்லை.

"ரிப்போர்ட் வந்துது, கெர்லிண்ட் அத்தை. இதயத்துக்குப் போற பெரிய ரத்தக் குழாய் அடைச்சிருந்துதாம். ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே வலி காட்டியிருக்கும்னு டாக்டர் சொல்றார். அப்பா யார்கிட்டயும் வாயத் திறக்கலை."

"அவன் அப்படித்தான்," என்றேன்.

"நான் கணக்குப் போட்டேன். கண்மூடல் ரெண்டு நிமிஷம். என் பேச்சு மூணரை. வீட்டுல கடிகாரம் வெச்சுப் பேசிப் பாத்தேன், மூணரைதான். அஞ்சரை நிமிஷம். அப்பா மூணு அடி தூரத்துல செத்துட்டிருந்தார், நான் கண்ண மூடிட்டு முனகிட்டிருந்தேன். அப்புறம் மேல கை வெச்சு வசனம் பேசினேன். துடிப்பு இருக்கா இல்லையான்னு கைக்குத் தெரியல."

"இரும்புச் சட்டைக்கு மேல யாருக்கும் தெரியாது இம்கே."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விளையாட்டை நடத்தற சங்கத்துக்குக் கடுதாசி எழுதினேன். இனிமே கண்மூடல்ல பத்துப் பேருக்கு ஒருத்தர் கண்ணத் திறந்து வெச்சிருக்கணும்னு விதி வெச்சுட்டாங்க. நல்லதுதான். ஆனா எனக்குத் தூக்கம் வரலை. கண்ண மூடினா அந்த முனகல் கேக்குது."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் ரொட்டி இருந்தது, மென்று விழுங்கினேன், காபி குடித்தேன். அவள் மேசைமேல் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன். நீங்க எவ்வளவு ஓடினீங்கன்னு நான் பாத்தேன். உங்க இடுப்பு இன்னும் வலிக்குதாமே, ஜெலால் சொன்னார்."

"பரவாயில்லம்மா."

பில்லை அவள் கொடுக்க விடவில்லை, நானே கொடுத்தேன். அவள் டிராம் ஏறும்வரை வாசலில் நின்றேன். ஜன்னலிலிருந்து கை காட்டினாள். நானும் காட்டினேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் அந்த ஐந்தரை நிமிடத்தை இன்னும் சுமக்கிறாள் என்று ஜெலால் சொல்கிறான். மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறாளாம். பழியில் அவளுடைய பங்கு ஒன்றுமில்லை. இம்கேவுக்கு நான் தர வேண்டியது ஒரே ஒரு உண்மை: உன் அப்பா அன்று காலை ஒன்பது இருபதுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார், நான் எழுதாமல் அவரைக் களத்துக்கு அனுப்பினேன். இதை நான் அவளுக்கு இன்னும் தரவில்லை.