முதல் சாவு

கிரேன் பாதி வழியில் நின்றுவிட்டது. உருகிய இரும்பு நிறைந்த கொப்பரை அச்சுக்குழிக்கு மேலே தொங்கியது. அதற்கு நேர் கீழே, இறுகிப்போன அச்சுப்பெட்டி ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான் அவளுடைய அண்ணன்.

அவள் அந்த உருக்காலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். ஆட்கள் வைத்த பெயர் பெட்டிக்காரி. கிரேன் கணினி படுத்துவிட்டால் அங்கே ஒரே வைத்தியம்தான், அணைத்துப் போடுவது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிப்பதில்லை. கொப்பரையில் இரும்பு ஆடை கட்டுகிறது, சட்டுபுட்டென்று அணைத்துப் போடு என்று மேஸ்திரி விரட்டினார்.

குழியோரத்துக் கண்ணாடி அறையில் அவள் விரல் பொத்தான் வரைக்கும் போய்விட்டது. கணினியின் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் நிரல் கெர்னல். அது விழுந்ததும் கொட்டிய அறிக்கை திரையை அடைத்துக்கொண்டு நின்றது. எண்களும் வாயில் நுழையாத பெயர்களுமாக ஒரே குப்பை. நடுவே, தனியாக, 'டி' என்று ஒற்றை எழுத்து.

விரலை இழுத்துக்கொண்டாள்.

அந்த எழுத்து வந்தால், இது முதல் விபத்து இல்லை. அணைக்காமல் ஓடிய இதே ஓட்டத்தில் உள்ளே ஏதோ ஒன்று முன்பே செத்திருக்கிறது. பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டே கணினி நொண்டி நொண்டி வேலை பார்த்திருக்கிறது. இந்த அறிக்கையை நம்பாதே, முந்தியதைத் தேடு என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மடிக்கணினியைச் செருகிப் பழைய பதிவுகளை மேலே தள்ளினாள். கிடைத்தது. செத்தது பிரேக்கோடு பேசுகிற பகுதி. அதுவும் காலையிலேயே.

திரை மூலையில் பிரேக் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அது செத்தவன் கடைசியாகச் சொன்ன பேச்சு. பிரேக் பிடிக்காமல் மோட்டார் மட்டுமே கொப்பரையைத் தாங்கிக்கொண்டிருந்தால், கணினியை அணைத்த நொடியில் மோட்டாரும் கைவிடும்.

பொறுமையிழந்த மேஸ்திரி தானே பொத்தானுக்குக் கை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொட்டீங்கன்னா எங்க அண்ணன் இருக்க மாட்டான்."

அவள் முகத்தைப் பார்த்த மேஸ்திரி கையை எடுத்துவிட்டார். கிரேன் ஓட்டுபவன் கழுத்து நீண்டவன், கொக்கு என்று பெயர். மேலே ஏறிக் கைப்பிரேக்கை இறுக்கச் சொல்லி வாக்கிடாக்கியில் அவனிடம் கெஞ்சினாள். பிறகு குழியோரத்துக்கு ஓடினாள். குழியில் நின்ற மற்றவர்கள் அவள் கத்தலுக்கே விலகிவிட்டார்கள். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் பெட்டிக்கு ஜலதோஷம்னா நான் ஏன் பாப்பா ஓடணும்? இதோ வந்துடுச்சு, இன்னும் ஒரு நெம்பு."

"அண்ணா, அண்ணிகிட்ட போய் நின்னு நான் என்ன சொல்றது? வெளிய வா."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டபின்தான் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஏறி வந்தான். மேலே கொக்கு முக்கி முனகித் திருகியது வாக்கிடாக்கியில் கேட்டது. முடிஞ்ச மட்டும் இறுக்கிட்டேன் என்றான்.

அவள் திரும்பிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

மேலே இரும்பு கிறீச்சிட்டது. கொப்பரை ஒரு முழம் இறங்கி, கைப்பிரேக்கில் வெடுக்கென்று நின்று குலுங்கியது. விளிம்பில் தளும்பிய இரும்பு குழிக்குள் கொட்டியது. கடப்பாரை கிடந்த இடத்தில் தீப்பொறி பூத்தது.

அண்ணன் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். கொடுத்த சொம்பைக் கவிழ்த்துப் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

அதற்குள் கணினி எழுந்துவிட்டது. அந்த எழுத்து இல்லை, அறிக்கையும் இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி திரை பளிச்சென்றிருந்தது. மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு முன்னாடியெல்லாம் அணைச்சுப் போட்டோமே, அப்பவும் இப்படி எழுதியிருந்துச்சா?"

"தெரியாது மேஸ்திரி. அணைச்சதும் அழிஞ்சுடும்."

அவர் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு பொத்தான் பக்கமே வராமல் சுவரை ஒட்டி நகர்ந்து வெளியே போனார்.