நிலவறைத் தூசி

மர ஆலையிலிருந்து வீடு திரும்பியதும் லைல் ஹாக்ஸ்ட்ரம் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே நிலவறைக்கு இறங்கிவிடுவான். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அவனுடைய அதிர்வுத் தொட்டி இரைந்துகொண்டிருக்கும். உள்ளே அரைத்த வால்நட் ஓடு, அதற்கு நடுவே சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள். மணிக்கணக்கில் குலுங்கிக் குலுங்கிக் கரியெல்லாம் போனபின் எல்லாவற்றையும் சல்லடையில் கொட்டி ஆட்டுவான். சாம்பல் நிறத் தூசி எழுந்து விளக்கைச் சுற்றி மிதக்கும். கூடுகள் புதுசு மாதிரி மின்னும். மருந்தும் குண்டும் அடைத்தால் மறுபடியும் தோட்டா. அவர்கள் ஊர் இருக்கும் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் பாதி ஆண்களுக்கு இந்தப் பித்து உண்டு. கடைத் தோட்டாவை நம்பி எல்க் மான் வேட்டைக்குப் போகிறவனை அவர்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை.

மகள் ஜூனியும் கூடவே இறங்குவாள். அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து மின்னும் கூடுகளை மடி நிறைய அள்ளிக்கொள்வாள். கூட்டின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் விசில் அடிக்கும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே லைல்தான்.

"சாப்பாடு ஆறுது! ரெண்டு பேரும் எலி மாதிரி அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று மேலிருந்து கொரீன் கத்துவாள்.

"பெரிய எலி ரெடி. சின்ன எலிதான் வர மாட்டேங்குது!"

அந்தக் குளிர்காலத்தில் ஜூனியின் பேச்சு குறைய ஆரம்பித்தது. பால், நாய், அப்பா, பனி என்று வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தவள். முதலில் 'பனி' போனது. அப்புறம் நாயைக் கண்டால் விரலை மட்டும் நீட்டினாள். சாப்பாட்டைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருநாள் 'அப்பா'வும் நின்றது.

"எங்க அண்ணன் நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கல. இப்ப அவனை நிறுத்தத்தான் முடியல," என்றான் லைல்.

"பேச்சு வராத குழந்தை வேற, லைல். பேசிட்டிருந்த குழந்தை நிறுத்திட்டா அது வேற," என்றாள் கொரீன். மறுநாளே ஜூனியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

ரத்தத்தில் ஈயம் என்றார்கள். பெரியவர்களுக்கே ஆகாத அளவு. வீட்டில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இமோஜீன் என்ற நர்ஸ் வந்தாள். ஜன்னல் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தாள், குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தாள், பொம்மைகளைப் புரட்டினாள். கடைசியில் நிலவறைக்கு இறங்கினாள்.

"இது என்னங்க?"

லைலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொட்டி எப்படி வேலை செய்யும், வால்நட் ஓட்டை எவ்வளவு பொடியாக அரைக்க வேண்டும், எல்லாம் விளக்கினான். இமோஜீன் கேட்டுக்கொண்டே ஈரத் துணியால் துவைக்கும் மெஷினின் மூடியைத் துடைத்தாள். துணி கறுத்தது.

"குழந்தை இங்க வருவாளா?"

"நல்லா கேட்டீங்க! இங்க முதலாளியே அவதான்."

இமோஜீன் சிரிக்கவில்லை. லைல் அவசரமாகச் சொன்னான்: "ஈயக் குண்டெல்லாம் மேல அலமாரியில பூட்டி வெச்சிருக்கேங்க. அவ கைக்கே எட்டாது. இங்க இருக்கறது வெறும் பித்தளை."

"குண்டு மட்டும் இல்லீங்க. கூட்டோட அடியில தீப்பொறி கிளப்ப ஒரு துளி மருந்து இருக்கே, அதுலயும் ஈயம் உண்டு. சுட்டதும் கரியா உள்ள ஒட்டிக்கும். அதைத்தான் இந்தத் தொட்டி உதிர்த்துத் தூசியாக்குது." அவள் நிமிர்ந்து, வீட்டைச் சூடாக்கும் காற்றை மாடிக்குக் கொண்டுபோகக் கூரையோடு ஓடிய தகரக் குழாயைப் பார்த்தாள். "இந்த வெப்பக் காத்து எங்க போகுது?"

லைல் வாயைத் திறப்பதற்குள் படியில் நின்றிருந்த கொரீன் சொன்னாள்: "ஜூனியோட ரூமுக்கு."

லைல் கடைசிப் படியில் உட்கார்ந்தான். அது ஜூனி உட்காரும் இடம் என்று உறைத்ததும் எழுந்து நின்றான்.

ஜூனிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் அழுகின முட்டை நாற்றம். ஆப்பிள் கூழில் கலந்து கொடுத்தாலும் துப்பினாள். லைல் தோளைப் பிடித்துக்கொள்ள, கொரீன் ஊட்டுவாள். அழுதபடி ஜூனி அப்பாவையேதான் பார்ப்பாள். வீட்டைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை மிசூலா நகரிலுள்ள தன் தங்கை வீட்டில் இருக்கப் போவதாகக் கொரீன் சொன்னாள்.

"நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் முகத்தைப் பார்க்க முடியல. என்னை எதுவும் கேக்காத."

அவன் கேட்கவில்லை. கார் போனதும் வேலையைத் தொடங்கினான். கம்பளங்களைக் கிழித்து எடுத்தான். சுவர், படி, குழாய் எல்லாவற்றையும் ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தான். துணிமணிகளைத் தூக்கியெறிய ஒரு மூட்டையில் திணித்தான். ஜூனியின் துணிக் கரடியையும் அதில் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு மூட்டையைக் கட்ட முடியாமல் அதன் பக்கத்திலேயே அரைநாள் உட்கார்ந்திருந்தான்.

வேட்டைக் கூட்டாளி வெர்ன் தொட்டியைக் கேட்டு வந்தான்.

"தூக்கியெறியவா போற? எனக்குக் குடுடா. நாப்பது வருஷமா நான் பண்ணலையா? எனக்கென்ன ஆச்சு?"

"உன் மருமக மாசமா இருக்கா, வெர்ன். வீட்டுக்குப் போ."

"நர்ஸ் ஏதோ சொன்னான்னு..."

"போடா!" என்று கத்தினான் லைல். வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி போனான். லைல் சம்மட்டியை எடுத்துத் தொட்டியை நசுக்கினான். அதையும் நிலவறையில் போட்டுக்கொண்டிருந்த பூட்ஸையும் சல்லடையையும் குப்பைமேட்டுக் காவலாளியிடம், "இதை யாரும் எடுத்துட்டுப் போகாம பாத்துக்குங்க" என்று சொல்லி ஒப்படைத்தான்.

பனி உருகியபின் கொரீன் மகளோடு திரும்பி வந்தாள். ஈயம் இறங்கிக்கொண்டிருந்தது. மூளைக்கு ஆனது ஆனதுதான், எவ்வளவு மீளும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஜூனி சாப்பிட்டாள், ஓடினாள், சிரித்தாள். பேச்சு மட்டும் இல்லை.

சாயங்காலம் அவன் ஆலையிலிருந்து வரும் கார் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவந்து லைலின் கால்களைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பாள். அவனோ இரண்டடி பின்வாங்கி, உள்ளங்கையை விரித்து நீட்டி, "இரு, கண்ணு, இரு" என்பான். கொட்டகையில் உடை மாற்றி, கை முழங்கை எல்லாம் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவி வருவதற்குள் அவள் வேறு விளையாட்டுக்குப் போயிருப்பாள்.

"உன் மேல இப்ப ஒண்ணும் இல்ல, லைல். தொட்டியே இல்லையே. அவளைத் தூக்கு," என்று கொரீன் எத்தனையோ முறை சொன்னாள். அவனால் முடியவில்லை. மெல்ல மெல்ல ஜூனி ஓடி வருவது நின்றது.

கோடைக்காலத்தில் ஒருநாள் கழுவி முடித்து, சுத்தமான சட்டையோடு சமையலறைக்குள் வந்தான். ஜூனி தரையில் கிரேயானால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நெருங்கியதும் எழுந்து, சின்ன உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"இரு," என்றாள்.

கொரீன் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "கேட்டியா? லைல், கேட்டியா? பேசிட்டா! என் தங்கம் பேசிட்டா!" அழுகையும் சிரிப்புமாகத் தங்கைக்குப் போன் போட ஓடினாள்.

லைல் மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தான். "காத்திருக்க வேணாம்மா. இனிமே யாரும் தள்ளி நிக்க வேணாம். வா."

"இரு," என்றாள் ஜூனி மறுபடியும், கண்டிப்பாக. பிறகு கிரேயானிடம் திரும்பிவிட்டாள்.

"என்ன சொன்னா? முதல்ல என்ன சொன்னா?" என்று தங்கை கத்துவது போனில் கேட்டது. கொரீன் திரும்பிப் பார்த்தாள். புருஷன் விரித்த கைகளோடு இன்னும் தரையில் மண்டியிட்டிருந்தான்.

"அப்பான்னு சொன்னா," என்றாள் கொரீன்.