ஏப்ரிகாட், 1987

"கையை எடுங்க ரெக்," என்றாள் கிளெனிஸ்.

தேவாலய வாசலில் சவப்பெட்டியை இறக்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் ரெக் ஹாலிட் கொடியை விரித்துவிட்டார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் கையில். சந்தையில் ஒரே துணிக்கு மல்லுக்கட்டுகிறவர்களைப் போல இருவரும் நின்றார்கள்.

"படைவீரர் சங்கத்து வழக்கம் பொண்ணே. உங்கப்பன் விமானப்படையில இருந்தவன். பெட்டி மேல கொடி, குழிக்கிட்ட ஆளுக்கொரு சிவப்புப் பூ. இந்த ஊர்ல முப்பது பேருக்கு நானே நின்னு செஞ்சிருக்கேன்."

"அப்பா வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு. கொடி வேண்டாம், பூ வேண்டாம். முக்கியமா, நீங்க வேண்டாம்."

ரெக்கின் முகத்தில் ஈயாடவில்லை. மற்ற எல்லார் முகத்திலும் ஜனவரிக் கோடையின் ஈக்கள் தாராளமாக ஆடிக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அப்பா அவளிடம் இந்த வாக்கைத்தான் வாங்கிக்கொண்டார். கிடா விலை பேசி முடிக்கிறவரைப் போலக் கை நீட்டிக் குலுக்கினார். லெஸ் பென்ரித் குலுக்கிய கையை மாற்றிப் பேசியதாக அந்த வட்டாரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் பெண்ணும் மாற்றப் போவதில்லை.

போரில் அவர் குண்டுவீச்சு விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து சுடுகிறவர். முப்பது இரவு ஜெர்மனிக்குப் போய் முப்பது முறையும் திரும்பி வந்தார். அதுவே குற்றமாகப் போயிற்று. நாற்பத்தைந்தில் ஊர் திரும்பிய வாரம், படைவீரர் சங்கத்தில் பீர் கிளாஸை வாயில் வைக்கும்போது, நியூ கினிக் காட்டில் ஜப்பானியரோடு சண்டையிட்டு வந்திருந்த ரெக் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "ஏன் லெஸ், ஜப்பான்காரன் நம்ம வாசல்ல நிக்கிறப்ப, நீ இங்கிலாந்துல எந்தப் பொண்ணோட டான்ஸ் ஆடிக்கிட்டிருந்தே?" கூடம் முழுக்கச் சிரித்தது. அப்பா கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்தார். நாற்பத்தொரு வருடம் அந்தப் படி ஏறவில்லை. ஏப்ரல் மாதப் போர் நினைவு நாளில் ஊரே மெடல் குத்திக்கொண்டு அணிவகுக்கும்போது, அவர் ஆடுகளுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருப்பார். செத்த பிறகு மட்டும் சங்கத்துக்கு அவர்மேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறதாம்.

"விடு கிளெனிஸ்," பின்னாலிருந்து அம்மாவின் குரல். "போர்த்தட்டும். ஊரு பாக்கட்டும்."

நேற்றிலிருந்து இதே பாட்டு. அப்பாவின் சொல்லுக்கு எதிராக ஒரு நாளும் பேசாத அம்மா, இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம் பிடித்தாள். ஊருக்குப் பயந்து சாகிறாள் என்று கிளெனிஸுக்கு எரிச்சலாக வந்தது.

"நீங்க உள்ள போய் உக்காருங்கம்மா."

அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து பழுப்பேறிய உறையை எடுத்தாள். அப்பாவின் தகரப் பெட்டியில், பறந்த இரவுகளின் பதிவேட்டுக்குள் இருந்தது. கடிதம் கிடையாது. ஒரு கோழியின் வெள்ளை இறகு, அவ்வளவுதான். கோழை என்று குத்திக்காட்ட அந்த நாளில் அனுப்புவது.

"பாருங்க. நாப்பத்து நாலு பிப்ரவரி. நம்ம ஊர் முத்திரை. அடுத்த நாள் உயிரோட இருப்போமான்னு தெரியாத மனுஷனுக்கு இதை அனுப்பியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

ரெக் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். முகவரி பெரிய பெரிய எழுத்தில், யார் கையெழுத்தென்று தெரியாதபடி எழுதப்பட்டிருந்தது. அப்பாவின் பெயர், கீழே படை எண், படைப்பிரிவு. அவர் விரல் எண்ணின்மேல் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு அவர் பார்வை தேவாலயத்துக்குள், முன்வரிசைப் பக்கம் போய்த் திரும்பியது.

"அந்த பிப்ரவரியில நான் மலேரியா வந்து காட்டு ஆஸ்பத்திரியில கெடந்தேன். சங்கத்துல அவனைக் கேட்டது நான்தான். நாக்குல நரம்பில்லாம பேசினேன். அதுக்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்." உறையை அவள் கையிலேயே வைத்து மூடினார். "இது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"அடுப்புல போடு பொண்ணே. யார்கிட்டயும் காட்டாத. முக்கியமா வீட்ல காட்டாத."

கொடியைத் தானே நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். சங்கத்து ஆட்கள் பூக்களைப் பையிலேயே வைத்துக்கொண்டு குழியருகே நின்றார்கள். பெட்டி மொட்டையாக இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று கிளெனிஸ் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த ஊர்ப் பெண்கள் முட்டை சாண்ட்விச்சும் தேநீரும் பரிமாறி, பாத்திரம் கழுவி, வண்டியேறிப் போனார்கள். அம்மா கறுப்பு உடுப்பின்மேல் சமையல் துணியைக் கட்டிக்கொண்டாள். காலையில் கிளறி ஊற்றிய ஏப்ரிகாட் ஜாம் பதினோரு பாட்டிலில் ஆறியிருந்தது. புருஷன் செத்தால் என்ன, பழம் காத்திருக்குமா?

அப்பாவுக்கு ஜாம் இல்லாமல் விடியாது. ஒரே ஒரு கிறுக்குத்தனம்: சில வருடங்களின் பாட்டிலென்றால் மட்டும், உட்கார்ந்ததும் அதைத் திருப்பி, லேபிள் சுவரைப் பார்க்கும்படி வைப்பார். அம்மா நேராகத் திருப்பி வைப்பாள். மறுநாள் அவர் மறுபடி திருப்புவார். சின்ன வயதில் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்திருக்கிறாள் கிளெனிஸ்.

"அப்பா பெட்டியில வேற ஏதாவது இருந்துதா?" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"பதிவேடு இருந்துது. ஏன்?"

"சும்மாதான்." பேனாவின் மூடியைக் கழற்றினாள். "எங்க வால்ட்டர் அண்ணன் சிங்கப்பூர்ல ஜப்பான்காரன்கிட்ட பிடிபட்டு ரெண்டு வருஷம் ஆயிருந்துது. உயிரோட இருக்கானான்னுகூட தகவல் இல்ல. எனக்கு அப்ப பத்தொன்பது வயசு, இந்த ஊர்த் தபாலாபீஸ்ல வேலைக்கு வந்த புதுசு. யாரையாவது திட்டணும்போல இருக்கும்." ஒரு பாட்டிலின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். "நாப்பத்தொரு வருஷம் என்கூட வாழ்ந்தாரு. ஒரு வார்த்தை கேக்கல."

"என்ன கேக்கல?"

அம்மா லேபிளை மேசையில் வைத்து எழுதினாள். ஏப்ரிகாட், 1987. எழுதி முடித்து, ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுத்தாள். அம்மா பிறந்த ஊர்ப் பள்ளியில், ஜெர்மன் வழி வந்த பாதிரியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்த ஊரில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை; தேவாலயச் சந்தையில் அவள் ஜாம் வாங்கிய எல்லாருக்கும் அந்த ஏழு தெரியும்.

கிளெனிஸின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. படை எண்ணில் இரண்டு ஏழுகள், இரண்டிலும் அதே குறுக்குக் கோடு. எழுத்தையெல்லாம் மாற்றத் தெரிந்த பத்தொன்பது வயதுப் பெண், அந்த ஏழுகளை மட்டும் மறந்துவிட்டாள். ரெக்கின் விரல் எங்கே நின்றதென்று இப்போது புரிந்தது. ஏழு வந்த வருடங்களில் அப்பாவின் விரல் தினமும் காலையில் எதைச் சுவர்ப்பக்கம் தள்ளியது என்பதும் புரிந்தது. அவளுக்கு அம்மாவை அடிக்க வேண்டும்போல இருந்தது. அப்பாவையும்தான்.

அம்மா ஒரு பாட்டிலில் லேபிளை ஒட்டி, பழக்கத்தில் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே வைத்தாள்.

கிளெனிஸ் கை நீட்டி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

அம்மா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகத் திருப்பி வைக்கவில்லை.