சின்னமனூர் வெயிலில் ஹீட்டர்

சின்னமனூரில் கார் ஹீட்டர் வேண்டுமென்றால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். மேகமலை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் மலையேறுகிற டீச்சர் நான்தானே, அவர்களா?

எங்கள் பழைய டீசல் காரை வாங்கும்போதே அதில் ஏசி செத்துப்போயிருந்தது. கோடையில் ஹீட்டரும் ஒழுகிக் காலடியெல்லாம் நனைந்தது. மெக்கானிக் அதற்குப் போகிற குழாய்களைப் பிடுங்கி ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். “இந்த வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு டீச்சர்?” என்றார். மழைக்காலம் வந்ததும் தெரிந்தது எதற்கென்று. மலையில் மூடுபனி இறங்கி, முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். என் வீட்டுக்காரர் சசிதரனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“வேலைய விட்ரு புள்ள. பஸ்ஸும் பள்ளிக்கூட நேரத்துக்கு இல்ல. உசுரு இருந்தாப் போதும்.”

“வேலைய விடமாட்டேன் மாமா. ஹீட்டர மாத்துங்க.”

அவர் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். ஸ்பேனருக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை வேப்பமரத்தடியில் டேஷ்போர்டை இறக்கி ஹீட்டர் பெட்டியை உருவினோம். கழற்றிய ஸ்குரூக்களைக் கலந்துவிடாமல் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தேன்.

“என்ன டீச்சர், இன்னைக்கு இரும்பு இட்லியா?” என்றாள் பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள்.

புது ஹீட்டர் வாங்கத் தேனிக்குப் போன மனுஷன் சிரித்த முகமாகத் திரும்பி வந்து நீட்டியது, விரல் நீளத்தில் நாலு பிளக்! டீசல் எஞ்சினைக் காலையில் சூடாக்குகிற பிளக். எங்கள் பக்கத்துக் கடைகளில் டீசல் வண்டிக்கு ஹீட்டர் என்றால் அதுதான்.

“பிள்ளையார் பிடிக்கப் போயி கொரங்கா முடிஞ்ச கதையால்ல இருக்கு!” என்று கத்தினேன். பழைய பெட்டியைத் தூக்கி அவருடைய பைக் டேங்கின் மேல் வைத்தேன். “கடையில வாயத் தெறக்காதீக. இத மட்டும் காட்டுங்க.”

மத்தியானம் சரியான பெட்டி வந்தது. மாட்டி முடித்து, கூலன்ட் ஊற்றி, கொளுத்துகிற வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். அனல் முகத்தில் அடித்தது. இருவரும் வேர்த்து ஒழுகிக்கொண்டே சிரித்தோம்.

“ஏ ஆத்தா, ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்றாள் முத்துமாரியம்மாள்.

திங்கட்கிழமை, கூப்பிடாமலே அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். வேலை இருக்குமா போகுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. அதே வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணாடி வெளுக்கத் தொடங்கியது. அவர் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார். ஹீட்டரைத் திருப்பினேன். கண்ணாடி கீழிருந்து மெல்ல மெல்லத் தெளிந்தது. தூரத்திலேயே பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டேன்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கும்போது அவர் சொன்னார்.

“நாளைக்கு நான் வரல. நீயே போயிட்டு வா புள்ள.”

“பின்ன, போகாம?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கண் கலங்கியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.